ஆறாண்டுப் பதவிக்காலம்தான் பிலிப்பைன்ஸின் தடையா?

கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். பிலிப்பைன்ஸில் அதிபரின் பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். பதவியில் இருப்பவர் மறுபடி அப்பதவிக்குப் போட்டியிட முடியாது. இதனால் ஒவ்வோர் அதிபரும் முன்னவர் செய்ததை ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறார், எந்தப் பொருளாதாரத் திட்டமும் வேர்பிடிப்பதில்லை, இருபது ஆண்டுகள் ஆண்ட மூத்த பெர்டினாண்ட் மார்க்கோஸைப் போல ஒருவர் நீண்ட காலம் உறுதியாக ஆண்டால்தான் அந்த நாடு முன்னேறும் என்று சொல்லப்படுவது சரிதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரியல்ல என்பதே என் முடிவு. அந்த நாடு நீண்ட ஆட்சியையும் பார்த்திருக்கிறது, ஆறாண்டு ஆட்சிகளையும் பார்த்திருக்கிறது. ஆறாண்டுகளுக்குள் நல்ல சட்டங்களை நிலைநாட்டிச் சென்ற அதிபர்கள் உண்டு. இருபது ஆண்டுகள் ஆண்டு கடனை மட்டும் விட்டுச் சென்றவரும் உண்டு. எந்தச் சட்டம் நிலைத்தது, எது நீர்த்துப்போனது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால், அதிபர் எத்தனை ஆண்டு இருந்தார் என்பதைவிட, அந்தச் சட்டம் யாருடைய சொத்தைத் தொட்டது, அதை வாக்கெடுப்புக்கு விட்ட அவையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் முடிவைத் தீர்மானித்திருக்கிறது.

மறுபோட்டிக்குத் தடை 1987ஆம் ஆண்டில் புதிதாகப் பிறந்த எண்ணம் அல்ல. 1935ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டத்திலேயே ஆறாண்டு, ஒரே முறை என்றுதான் இருந்தது. மானுவல் கேசோன் அதிபராக இருந்தபோது, 1940இல் அது நான்கு ஆண்டுகளாகவும் மொத்தம் எட்டு ஆண்டுகளுக்கு மேற்படாததாகவும் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்தின் கீழ் 1965இலும் 1969இலும் வென்ற பெர்டினாண்ட் மார்க்கோஸ், 1973 இறுதியில் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. 1972 செப்டம்பர் 21 என்று தேதியிட்ட 1081ஆம் பிரகடனத்தால் நாடு முழுவதும் ராணுவச் சட்டத்தின் கீழ் வந்தது. அடுத்த ஆண்டு, ரகசிய வாக்குச்சீட்டு இல்லாமல் ஊர்க்கூட்டங்களில் கையைத் தூக்கச் சொல்லிப் புதிய அரசமைப்புச் சட்டம் ஒப்புக்கொள்ளப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. பதவிக்கால வரம்பு அதோடு போயிற்று.

வரம்பில்லாத ஆட்சி பொருளாதாரத்துக்கு என்ன செய்தது? மார்க்கோஸ் காலத்தைப் பொற்காலம் என்பவர்கள் காட்டும் வளர்ச்சி எண்கள் பொய்யல்ல. 1973இலும் 1976இலும் பொருளாதாரம் ஆண்டுக்கு 8 விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்தது. பாலங்களும் சாலைகளும் மருத்துவமனைகளும் எழுந்தன. ஆனால் அந்த வளர்ச்சிக்குப் பெரும்பகுதி எரிபொருள் வெளிநாட்டுக் கடன். 1960களில் நூறு கோடி டாலரைக்கூட எட்டாத வெளிக்கடன், அவர் நாட்டை விட்டு ஓடிய 1986இல் 2,600 கோடி டாலர் அளவுக்கு ஏறியிருந்தது. 1983 ஆகஸ்டில் எதிர்க்கட்சித் தலைவர் பெனிக்னோ அக்கினோ விமான நிலையத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டதும் முதலீடு வெளியே பாய்ந்தது. அக்டோபரில் அரசு கடன் தவணைகளைக் கட்ட முடியாமல் அவகாசம் கேட்டது. 1984இலும் 1985இலும் பொருளாதாரம் ஆண்டுக்கு 7 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கியது. 1984இல் விலைவாசி ஏறத்தாழ 50 விழுக்காடு உயர்ந்தது. 1980களின் தொடக்கத்தில் இருந்த தலா வருமானத்தை மறுபடி எட்டிப் பிடிக்க அந்த மக்களுக்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பிடித்தன. பொற்காலம் என்ற சொல்லை என்னால் ஏற்க முடியாததற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

அந்த ஆட்சியின் சட்ட முறையையும் பார்க்க வேண்டும். காங்கிரஸ் என்று அழைக்கப்படும் அந்நாட்டு நாடாளுமன்றம் மூடப்பட்டபின், அதிபர் ஆணைகள் என்ற பெயரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சட்டங்களை மார்க்கோஸ் தம் கையெழுத்தாலேயே பிறப்பித்தார். அவற்றில் சில அரசிதழில்கூட வெளியிடப்படாமல் அமலில் இருந்தன. வெளியிடாத சட்டம் யாரையும் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் பின்னால் சொல்ல வேண்டியிருந்தது. சர்க்கரை வணிகம் முழுவதும் ஓர் அரசு நிறுவனத்தின் கைக்கும், அதன் வழியே அதிபரின் நண்பர் ஒருவரின் கைக்கும் போனது. உலகச் சந்தையில் விலை சரிந்த 1980களின் நடுவில், கரும்பை நம்பியிருந்த நீக்ரோஸ் தீவில் குழந்தைகள் பசியால் இறந்தார்கள். தென்னை விவசாயி கொப்பரை விற்கும்போதெல்லாம் ஒரு தீர்வை பிடிக்கப்பட்டது. விவசாயியின் நலனுக்கு என்று சொல்லித் திரட்டிய அந்தப் பணம் வங்கியாகவும் எண்ணெய் ஆலைகளாகவும் பெருநிறுவனப் பங்குகளாகவும் மாறி அதிபருக்கு வேண்டியவர்களின் கட்டுப்பாட்டில் நின்றது. அந்தப் பங்குகளில் ஒரு பெரும்பகுதி அரசுக்கே, அதுவும் தென்னை விவசாயிகளுக்காக மட்டுமே உரியது என்ற இறுதித் தீர்ப்பு 2012இல்தான் வந்தது. பணத்தைப் பயன்படுத்துவதற்கான அறக்கட்டளை நிதிச் சட்டம் 2021இல் வந்தது. தீர்வை கட்டியவர்களில் பலர் அதற்குள் இறந்துவிட்டார்கள். எந்தப் பதவிக்கால வரம்பும் குறுக்கே நிற்காத ஆட்சியின் உறுதி இப்படித்தான் செலவழிந்தது.

1986 பிப்ரவரியில் எட்சா நெடுஞ்சாலையில் மக்கள் திரண்டு மார்க்கோஸை வெளியேற்றிய ஓராண்டுக்குள் எழுதப்பட்ட 1987 அரசமைப்புச் சட்டத்தின் ஒவ்வொரு பிரிவிலும் அந்த இருபது ஆண்டுகளின் வடு தெரியும். ஆறாண்டு, மறுபோட்டி இல்லை. ராணுவச் சட்டத்தை 60 நாளுக்கு மட்டுமே அறிவிக்கலாம்; 48 மணி நேரத்தில் காங்கிரஸுக்கு அறிக்கை தர வேண்டும்; காங்கிரஸ் அதை ரத்துசெய்யலாம்; எந்தக் குடிமகனும் உச்ச நீதிமன்றத்துக்குப் போகலாம், நீதிமன்றம் 30 நாளில் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஆனாலும் அதிபர் பலவீனமானவர் அல்லர். வரவுசெலவுத் திட்டத்தை அவர்தான் முன்வைக்கிறார். அவர் கேட்ட தொகையைக் காங்கிரஸ் குறைக்கலாமே தவிரக் கூட்ட முடியாது. பிடிக்காத ஒதுக்கீட்டை வரிவரியாக அவர் வெட்டலாம். ஒதுக்கிய பணத்தை எப்போது விடுவிப்பது என்பதும் அவர் கையில். இதன் விளைவை ஒவ்வொரு தேர்தலுக்குப் பின்னும் பார்க்கலாம். புதிய அதிபர் பதவியேற்ற சில வாரங்களில் பிரதிநிதிகள் சபையில் பெரும்பாலோர் அவர் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு முகம் காட்டும் நட்சத்திரப் பழத்துக்கு அங்கே பாலிம்பிங் என்று பெயர். கட்சி தாவுபவருக்கும் அதுவே பெயர்.

தொகுதிகளிலிருந்து வரும் இந்தப் பிரதிநிதிகளில் பலர் பல தலைமுறைகளாக அதே மாகாணத்தை ஆளும் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அந்தக் குடும்பங்களில் கணிசமானவை நிலவுடைமையாளர்கள். அவர்கள் அதிபருக்கு எதை வேண்டுமானாலும் தருவார்கள், தங்கள் காலடி மண்ணைத் தவிர. இதைப் புரிந்துகொள்ள, கொல்லப்பட்ட பெனிக்னோ அக்கினோவின் மனைவியும் மார்க்கோஸுக்குப் பின் அதிபரானவருமான கொராசோன் அக்கினோ காலத்து நிலச்சீர்திருத்தத்தைவிடத் தெளிவான சான்று வேறில்லை என்பதால், அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

தார்லாக் மாகாணத்தில் லூயிசிதா என்ற கரும்புப் பண்ணை, 6,400 ஹெக்டேருக்கு மேற்பட்டது. கொராசோனின் தந்தை ஹோசே கொஹுவாங்கோ 1950களின் இறுதியில் அதை ஒரு ஸ்பானிய நிறுவனத்திடமிருந்து வாங்கினார். வாங்குவதற்கு அரசு ஊழியர் காப்பீட்டு நிதியின் கடனும் மத்திய வங்கியின் ஆதரவும் கிடைத்தன. நிலத்தைப் பத்தாண்டுகளில் சிறு விவசாயிகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனை அவற்றோடு இணைந்திருந்தது. அது நிறைவேறவில்லை. மார்க்கோஸ் அரசு 1980இல் வழக்குப் போட்டது. 1985இல் மணிலா நீதிமன்றம் நிலத்தை ஒப்படைக்க உத்தரவிட்டது. எதிரியின் குடும்பத்தை நெருக்கத் தொடுத்த வழக்கு அது என்பதில் ஐயமில்லை, ஆனால் தீர்ப்பு விவசாயிக்குச் சாதகமானது. மேல்முறையீட்டில் இருந்த அந்த வழக்கு 1988இல், கொராசோன் அதிபராக இருந்தபோது, அரசுத் தரப்பின் வேண்டுகோளின் பேரிலேயே தள்ளுபடியானது.

1986 மார்ச் முதல் 1987 ஜூலை வரை காங்கிரஸ் இல்லை. இடைக்கால அரசமைப்பின்படி சட்டம் இயற்றும் அதிகாரம் முழுவதும் அதிபர் கொராசோனிடமே இருந்தது. நிலச்சீர்திருத்தம் செய்வதற்கு அந்த நாட்டின் வரலாற்றில் அதைவிட நல்ல நேரம் வந்ததில்லை. 1987 ஜனவரி 22 அன்று நிலம் கேட்டு அதிபர் மாளிகையை நோக்கி நடந்த விவசாயிகள் மீது மெந்தியோலா பாலத்தருகே பாதுகாப்புப் படைகள் சுட்டதில் குறைந்தது 12 பேர் இறந்தார்கள். காங்கிரஸ் கூடுவதற்கு ஐந்து நாள் முன்பு, ஜூலை 22 அன்று, அவர் நிலச்சீர்திருத்த ஆணையில் கையெழுத்திட்டார். ஆனால் உடைமையாளர் எத்தனை ஹெக்டேர் வைத்துக்கொள்ளலாம் என்ற உச்சவரம்பை, அதாவது அந்தச் சீர்திருத்தத்தின் உயிரை, வரப்போகும் காங்கிரஸின் முடிவுக்கு விட்டுவிட்டார். நிலவுடைமையாளர்கள் நிறைந்த அவை 1988 ஜூனில் 6657ஆம் குடியரசுச் சட்டத்தை நிறைவேற்றியது: உடைமையாளருக்கு 5 ஹெக்டேர், தகுதியுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் மேலும் 3 ஹெக்டேர். பண்ணை ஒரு நிறுவனமாகப் பதிவாகியிருந்தால், நிலத்துக்குப் பதிலாகப் பங்குப் பத்திரம் கொடுத்தாலே போதும் என்ற வழியும் அதில் இடம்பெற்றது.

அந்த வழியை லூயிசிதா 1989இல் பயன்படுத்திக்கொண்டது. கரும்பு வெட்டியவர்கள் காகிதத்தில் பங்குதாரர்கள் ஆனார்கள், நிறுவனத்தில் பெரும்பான்மைப் பங்கு குடும்பத்திடமே இருந்தது, நிலம் அசையவில்லை. வேலை நாட்கள் குறைந்துகொண்டே போய், 2004 நவம்பரில் வேலைநிறுத்தம் வெடித்து, ஆலை வாயிலில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஏழு பேர் இறந்தார்கள். 2011 நவம்பரில்தான் உச்ச நீதிமன்றம் 4,915 ஹெக்டேரை ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்குப் பிரித்துக் கொடுக்க உத்தரவிட்டது. அப்போது அதிபர், கொராசோனின் மகன் மூன்றாம் பெனிக்னோ அக்கினோ. 2013இல் ஊர்களில் குலுக்கல் உருளையை வைத்து, சீட்டு எடுத்து, யாருக்கு எந்த மனை என்று தீர்மானித்தார்கள். ஒவ்வொருவருக்கும் 6,600 சதுர மீட்டர், நம் கணக்கில் ஒன்றரை ஏக்கருக்கும் சற்று அதிகம். தாம் பல ஆண்டுகள் உழைத்த வயலுக்கு வெகு தொலைவில் சிலருக்குச் சீட்டு விழுந்தது. கடன் நிபந்தனை சொன்ன பத்தாண்டுகள், ஐம்பதைத் தாண்டியிருந்தன. இதில் ஆறாண்டு வரம்பின் குற்றம் எங்கே இருக்கிறது? சட்டம் இயற்றும் அதிகாரம் முழுவதும் கையில் இருந்த பதினாறு மாதங்களில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

அடுத்து வந்த பிடல் ராமோஸின் காலம் இதற்கு எதிர்ச் சான்று. 1992இல் ஏழு பேர் போட்டியிட்ட தேர்தலில் 24 விழுக்காட்டுக்கும் குறைவான வாக்குகளில் வென்றவர் அவர். இரண்டாம் சுற்று வாக்கெடுப்பு அங்கே கிடையாது. பதவியேற்றபோது மணிலாவில் நாளொன்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் மின்வெட்டு. கடைகளின் முன்னே நடைபாதையில் ஜெனரேட்டர்கள் புகைந்துகொண்டிருந்தன. இதற்கும் வேர் பழைய ஆட்சியில்தான்: 200 கோடி டாலருக்கு மேல் விழுங்கிய பத்தான் அணுமின் நிலையம் பாதுகாப்பு ஐயங்களால் ஒரு யூனிட் மின்சாரம்கூடத் தராமல் மூடப்பட்டது. அதற்கு ஈடாக வேறு நிலையங்களைக் கட்ட கொராசோன் அரசு முனையவில்லை, எரிசக்தி அமைச்சகத்தையே கலைத்தும்விட்டது. ஓடாத அந்த நிலையத்தின் கடனைப் பிலிப்பைன்ஸ் மக்கள் 2007 வரை கட்டினார்கள்.

ராமோஸ் 1993இல் மின் நெருக்கடிச் சட்டத்தின் வழியே ஓராண்டுக்குச் சிறப்பு அதிகாரம் பெற்று, தனியார் நிறுவனங்களோடு பேசி நிலையங்களைக் கட்டவைத்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் மின்வெட்டு பெருமளவு ஓய்ந்தது. தொலைபேசியிலும் அப்படித்தான். நாட்டில் 98 விழுக்காட்டினர் இணைப்புக்காகவும் மீதி 2 விழுக்காட்டினர் டயல் ஒலிக்காகவும் காத்திருக்கிறார்கள் என்று சிங்கப்பூரின் லீ குவான் யூ சொன்னது மணிலாவில் இன்றும் நினைவுகூரப்படுகிறது. ஒரே குடும்பத்தின் பிடியில் இருந்த அந்தத் துறையை ராமோஸ் போட்டிக்குத் திறந்தார். செல்பேசி உரிமம் வேண்டும் என்றால் நான்கு லட்சம் தரைவழி இணைப்புகளையும் போட்டுத்தர வேண்டும் என்று நிபந்தனை விதித்து, 1995இல் அதைச் சட்டமாகவும் ஆக்கினார். நட்டத்தில் மூழ்கியிருந்த மத்திய வங்கியை மூடிவிட்டு, தன்னாட்சியுள்ள புதிய மத்திய வங்கியை 1993இல் சட்டத்தால் நிறுவினார். பின்னால் வந்தவர்கள் யாரும் இவற்றைக் கலைக்கவில்லை.

அதே சமயம், அவசரத்தில் போட்ட மின் ஒப்பந்தங்களின் விலையையும் சொல்ல வேண்டும். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் கட்ட வேண்டும், அதுவும் டாலர் கணக்கில் என்ற விதியால், 1997 ஆசிய நெருக்கடியில் நாட்டு நாணயமான பெசோ சரிந்தபோது அந்தச் சுமை வீட்டு மின்கட்டண ரசீதில் வந்து இறங்கியது. ராமோஸின் ஆதரவாளர்கள் மக்கள் மனுவின் மூலம் பதவிக்கால வரம்பைத் தூக்க முயன்றதையும் 1997இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. தடுத்ததால் அவருடைய சீர்திருத்தம் எதுவும் சாகவில்லை.

ஜோசப் எஸ்த்ராதா இரண்டரை ஆண்டில் ஊழல் குற்றச்சாட்டில் வெளியேறினார். மீதிக் காலத்தையும் அடுத்த ஆறாண்டையும் சேர்த்து, பொருளியலாளரான குளோரியா அரோயோ ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டார். 2004 தேர்தல் எண்ணிக்கையில் தலையிட்டதாக எழுந்த குற்றச்சாட்டு அவர் ஆட்சியின் நம்பகத்தைக் கெடுத்தது. ஆனாலும் மதிப்புக் கூட்டு வரியை 10இலிருந்து 12 விழுக்காடாக்கிய அவருடைய சட்டம்தான் அரசின் நிதியை நிமிர்த்தியது. அவரைக் கடுமையாக எதிர்த்தவர்களும் அந்த வரியை வைத்தே பின்னர் ஆண்டார்கள்.

மூன்றாம் அக்கினோவின் காலத்தில் எனக்கு மிகவும் மதிப்புள்ள சட்டம் 2012 டிசம்பரில் வந்த புகையிலை, மதுவரிச் சீர்திருத்தம். பழைய சிகரெட் வகைகளுக்கு 1996ஆம் ஆண்டு விலையை வைத்தே வரி போடும் ஒரு சலுகை அதுவரை இருந்தது. அது புதிய போட்டியாளர்களை வெளியே நிறுத்தியது, அரசுக்கு வருவாயையும் குறைத்தது. புகையிலை விளையும் வட மாகாணங்களின் எதிர்ப்பை மீறி, காங்கிரஸின் மேலவையான செனட்டில் இறுதி வடிவம் 10க்கு 9 என்ற ஒரு வாக்கில் தப்பியது. கூடுதல் வருவாயில் பெரும்பகுதி ஏழைகளின் மருத்துவக் காப்பீட்டுக்குப் போக வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதப்பட்டது. அந்த ஒரு வாசகம்தான் சட்டத்தைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்: பிறகு வந்த ஆட்சி வரியைக் குறைக்கவில்லை, மேலும் உயர்த்தியது. ஆறாண்டில் இரண்டரை ஆண்டு கழிந்தபோது நிறைவேறிய சட்டம் இது.

ரோட்ரிகோ துதெர்தேயின் பொருளாதாரச் சட்டங்கள், போதைப்பொருள் ஒழிப்பின் பெயரால் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்ட ஆட்சியின் பகுதி என்பதை மறந்து பேச எனக்கு மனமில்லை. அதற்காக அவர் 2025 மார்ச்சில் கைதாகி ஹேக் நகரின் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். ஆனால் 2019இன் அரிசிச் சட்டம் நம் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது. எவ்வளவு அரிசியை இறக்குமதி செய்வது என்று அரசு அமைப்பு ஒன்றே முடிவெடுத்த பழைய முறை போய், 35 விழுக்காடு சுங்கவரி கட்டி யாரும் இறக்குமதி செய்யலாம் என்றானது. அந்த வரியிலிருந்து ஆண்டுக்கு 1,000 கோடி பெசோ, உழவு இயந்திரத்துக்கும் விதைக்கும் என ஒதுக்கப்பட்டது. அந்த ஆண்டே நெல் விலை சரிந்து சிறு விவசாயி அடிபட்டார். நகரத்து ஏழைக்கும் கிராமத்து விவசாயிக்கும் இடையிலான இந்த இழுபறியைத் தீர்க்க எந்த அதிபராலும் இதுவரை முடியவில்லை. மூத்த மார்க்கோஸின் மகனான இளைய மார்க்கோஸ் கிலோ அரிசி 20 பெசோ என்று சொல்லி 2022இல் வென்றார், 2024இல் அந்த வரியை 15 விழுக்காடாகக் குறைத்தார், அதே ஆண்டு இறுதியில் விவசாயிகளுக்கான நிதியை 3,000 கோடியாக உயர்த்தும் திருத்தத்திலும் கையெழுத்திட்டார். துதெர்தேயின் சட்டத்தை அவர் கலைக்கவில்லை, திருத்தினார் என்பதைக் கவனியுங்கள்.

இளைய மார்க்கோஸின் ஆட்சியில் அரசுப் பணத்தைத் திரட்டி முதலீடு செய்வதற்கான மகார்லிக்கா முதலீட்டு நிதி என்ற சட்டம் 2022 நவம்பர் இறுதியில் பிரதிநிதிகள் சபையில் அறிமுகமானது. முன்மொழிந்தவர்களில் அதிபரின் ஒன்றுவிட்ட சகோதரரான சபைத் தலைவரும் அதிபரின் மகனும் இருந்தார்கள். ஓய்வூதிய நிதிகளின் பணத்தையும் அதில் போட இருந்தார்கள். மக்கள் கொதித்தெழுந்ததால் அது நீக்கப்பட்டது. அதிபர் அவசரம் என்று சான்றளித்ததும், டிசம்பர் 15 அன்று சபை அதை நிறைவேற்றிவிட்டது. மூன்று வாரம்கூட ஆகவில்லை.

அதே சபையின் மேசையில் வேறொரு கடமையும் இருக்கிறது. 1987 அரசமைப்புச் சட்டத்தின் இரண்டாம் பகுதி, 26ஆம் பிரிவு, அரசியல் குடும்ப ஆதிக்கத்தை அரசு தடைசெய்யும் என்கிறது. உடனே, "சட்டம் வரையறுக்கும் விதத்தில்" என்று சேர்த்துக்கொள்கிறது. வரையறுக்க வேண்டியவர்கள் அந்தக் குடும்பத்தார். 2025 மே மாதத் தேர்தல் வரை எந்தக் காங்கிரஸும் அந்தப் பொதுச் சட்டத்தை நிறைவேற்றவில்லை. பதவிக்காலத்தை நீட்டவேண்டும் என்று வாதிடுபவர்கள் இந்தப் பிரிவைப் பற்றிப் பேசுவதை நான் அதிகம் கேட்டதில்லை. காங்கிரஸ் இந்தத் தடையைச் சட்டமாக்கிய ஓரிடம், 2016இல் திருத்தப்பட்ட ஊர் இளைஞர் மன்றச் சட்டம். அதன்படி 18 முதல் 24 வயதுள்ள ஒருவர், தம் பெற்றோரோ உடன்பிறந்தவரோ தாத்தா பாட்டியோ அதே ஊரில் தேர்ந்தெடுக்கப்பட்ட பதவியில் இருந்தால், மன்றத் தேர்தலில் நிற்க முடியாது. மேயர், ஆளுநர், செனட்டர் ஆகிய பதவிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.